முப்பத்தோரு மணி நேரம்

பாங் மான்சுவுக்கு அழத் தெரியாது என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். பத்தொன்பது வருஷம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அது பொய். அழத் தெரியும். எப்போது அழுவது என்று அவர் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் நேரம் கடந்துவிடும், அவ்வளவுதான்.

விமானங்களுக்குப் பாதை வகுப்பது எங்கள் வேலை. இஞ்சியோன் விமான நிலையத்தை ஒட்டிய கட்டடத்தில், ஜன்னலே இல்லாத ஒரு பெரிய அறையில், ஆளுக்கு ஆறு திரை. எந்த விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எதிர்க்காற்று எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு ஏற்ற வேண்டும், எத்தனை மணிக்கு இறங்கும் என்று எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்து, கீழே கையெழுத்தும் போட வேண்டும். விமானியும் போடுவார். இரண்டு கையெழுத்தும் இல்லாமல் சக்கரம் நகராது. இதை எத்தனை தடவை விளக்கிச் சொன்னாலும் என் மாமியார் இன்றுவரை, "மருமக ஏர்போர்ட்ல டிக்கெட் கிழிக்கிறா" என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மான்சு சாருக்கு இந்த வேலை எலும்புவரை ஊறியிருந்தது. அலுவலக விருந்துகளில் நாலு கிண்ணம் சோஜு சாராயம் உள்ளே போனதும் பையன்கள் அவரைச் சீண்ட ஆரம்பிப்பார்கள்.

"சார், பிராங்க்ஃபர்ட்?"

"எட்டாயிரத்து ஐந்நூத்தி அறுபது. அது நேர்க்கோடு. இப்போ ரஷ்யா மேல போக முடியாது. சுத்திப் போனா பதிமூணு, பதிமூணரை மணி நேரம்."

"சார், உங்க வீட்டுல இருந்து கல்யாண மண்டபம் எவ்வளவு தூரம்?"

அந்தத் தூரத்தை மட்டும் அவர் அளந்து வைக்கவில்லை. ஐம்பத்தேழு வயதுவரை அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பூபியோங்கில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில் அம்மாவோடு இருந்தார். காலையில் அம்மா கட்டிக் கொடுத்த டப்பாவில் கிம்ச்சியும் பொரித்த முட்டையும் இருக்கும். அதையும் மதியம் பன்னிரண்டு பத்துக்குத் திறந்து பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மூடிவிடுவார். நாள் முழுக்க விமானங்களை உலகம் பூராவும் அனுப்பிக்கொண்டிருந்த மனிதர் தாம் விமானத்தில் ஏறியது இரண்டே பயணத்துக்கு. ஒன்று ஜெஜு தீவுக்கு அலுவலகச் சுற்றுலா, இன்னொன்று ஒசாகாவில் பயிற்சி. வருஷா வருஷம் ஊழியர்களுக்குக் கிடைக்கும் இலவச டிக்கெட் அவர் பெயரில் காலாவதியாகிக்கொண்டே இருந்தது. எனக்கு வயிறு எரியும்.

அவருக்கு ஒரே தங்கை, ஒக்சூன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி அர்ஜென்டினா போனாள். புவெனஸ் ஐரிஸில் புருஷனும் அவளுமாகத் துணிக்கடை வைத்திருந்தார்கள். அந்த ஊரும் எங்கள் ஊரும் உருண்டையின் இரண்டு பக்கத்தில், கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று நேர் எதிரே இருக்கின்றன. ஏறக்குறைய பத்தொன்பதாயிரத்து நானூறு கிலோமீட்டர். அங்கிருந்து கிழக்கே கிளம்பினாலும் மேற்கே கிளம்பினாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் வராது. நேர் விமானம் கிடையாது. அமெரிக்காவில் டாலஸ் வழியாக வந்தால் பதினொரு மணி நேரம், அங்கே ஐந்து மணி நேரக் காத்திருப்பு, பிறகு பதினைந்து மணி நேரம். அங்கே கிளம்புவதிலிருந்து இங்கே இறங்குவதுவரை முப்பத்தோரு மணி நேரம். இந்த எண்ணை மான்சு சார் தம் பிறந்த தேதியைச் சொல்வதுபோலச் சொல்வார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒக்சூன் இரண்டு தடவை வந்திருந்தாள். இவர் ஒரு தடவையும் போகவில்லை.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரக் கூடாதா சார்? டிக்கெட்டும் சும்மாதானே?" என்று கேட்டிருக்கிறேன்.

"போக முப்பத்தி மூணு, வர முப்பத்தொண்ணு. அம்மாவ யாரு பாத்துக்குவா?"

அம்மாவைச் சாக்காகச் சொன்னார் என்றுதான் அப்போதெல்லாம் நினைத்தேன். அதுவும் முழுக்கச் சரியில்லை. அவருக்குத் தூரம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் போதும், போய் வந்ததுபோலவே ஆகிவிடும்.

அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று இலையுதிர் காலத்தில் தெரிந்தது. டிசம்பர் நான்காம் தேதி, வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, டாக்டர் அவரை வெளியே கூப்பிட்டு, இரண்டு வாரம், மிஞ்சிப்போனால் மூன்று வாரம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் வேலைக்கு வந்தவர் அதை எதிர்க்காற்றின் வேகத்தைச் சொல்வதுபோல என்னிடம் சொன்னார்.

"தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"அம்மா வேண்டாங்கறாங்க. 'அவ்வளவு தூரத்துல இருக்கறவளை எதுக்குக் கலங்கடிக்கிற? டிசம்பர்ல கடைய விட்டுட்டு எப்படி வருவா? நான் செத்தா எப்படியும் வந்துதானே ஆகணும், ரெண்டு தடவை வரணுமா?'ங்கறாங்க."

இது எங்கள் ஊரில் எல்லா அம்மாக்களும் சொல்வது. தூர தேசத்தில் இருக்கிற பிள்ளைக்கு நோயைச் சொல்லக் கூடாது, சாவைத்தான் சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் அம்மாவுக்குத் தலையாட்டிவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து வெளிநாட்டுக்குப் போன் போட்டுவிடுவார்கள். அதுவும் எங்கள் ஊர் வழக்கம்தான். மான்சு சார் போன் போடவில்லை. உட்கார்ந்து திட்டம் போட்டார்.

மத்தியானம் ஒரு கட்டம்போட்ட தாளை என் பக்கம் தள்ளினார். இடது ஓரத்தில் டாக்டர் சொன்ன நாள். அதிலிருந்து பதினாலாம் நாள், பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை. அதிலிருந்து பின்னோக்கி முப்பத்தோரு மணி நேரம். புவெனஸ் ஐரிஸிலிருந்து டாலஸுக்கு ஒரு நாளைக்கு ஒரே விமானம்தான், அதனால் காத்திருப்புக்கு ஒரு நாள். கடைசியில், எரிபொருளில் கையிருப்பு வைப்பதுபோல, இன்னும் ஒரு நாள். எல்லாம் கழித்தால் தங்கைக்குச் சொல்ல வேண்டிய நாள் பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை காலை. அதற்கு முன்னால் சொன்னால் அவள் கடையை இழுத்து மூடிவிட்டு வந்து, அம்மா சாவதற்காக இங்கே காத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். அதற்குப் பின்னால் சொன்னால் நேரம் போதாது. இரண்டுக்கும் நடுவில் சரியான இடம் அது.

"சரி பாரு" என்றார்.

எங்கள் அறையில் ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்த்து, ஓரத்தில் தம் பெயரின் முதல் எழுத்தைக் கிறுக்க வேண்டும். அது இல்லாமல் எந்தத் தாளும் வெளியே போகாது. பத்தொன்பது வருஷம் அவர் போட்டதை நானும் நான் போட்டதை அவரும் பார்த்திருக்கிறோம். கை தானாகப் பேனாவை எடுத்தது. கூட்டல் சரி, கழித்தல் சரி, நேர வித்தியாசம் பன்னிரண்டு மணி, அதுவும் சரி. காத்திருப்புக்கு ஒன்றரை நாளாக வைக்கலாமா என்று கேட்டேன். ஒன்று போதும் என்றார். ஓரத்தில் என் பெயரின் முதல் எழுத்தைக் கிறுக்கிக் கொடுத்தேன்.

கு ஹேரான் என்ற என் பெயரை நான் வெறுக்கிற நாட்கள் சில உண்டு. அது முதல் நாள். 'சார், இது அம்மா, விமானம் இல்லை. எழுந்து போய்ப் போன் போடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூட்டல்தான் சரியாக இருந்ததே!

பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு அம்மா போய்விட்டார்.

தங்கைக்குப் போன் போட்டு முடித்த கையோடு எனக்குப் போட்டார். அங்கே விடிகாலை நாலு மணிகூட ஆகவில்லை, தங்கையைத் தூக்கத்திலிருந்து எழுப்பிச் சொல்லியிருக்கிறார்.

"ரெண்டு நாள் பிசகிடுச்சு ஹேரான்."

"சார்..."

"ஒக்சூன் இன்னிக்கு ராத்திரி விமானத்தப் பிடிக்கிறா. டாலஸ்ல இருந்து நம்ம விமானம். திங்கக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு இறங்கும்."

குரல் தினமும் வேலையில் கேட்கும் குரல்தான். நான்தான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலேயே சாவு மண்டபம். அன்று சாயங்காலம் போனேன். வெள்ளைச் செவ்வந்திக்கு நடுவில் அம்மாவின் படம். கறுப்புக் கோட்டும், கையில் தலைமகனுக்கான இரண்டு கோடு போட்ட பட்டையுமாக மான்சு சார் நின்றிருந்தார். வருகிறவர்கள் படத்துக்கு இரண்டு தடவை மண்டியிட்டுக் கும்பிட்டு, பிறகு அவருக்கு ஒரு தடவை. அவரும் பதிலுக்கு ஒரு தடவை. உடம்பு மட்டும் மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது.

பக்கத்து அறையில் அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, தாழ்வான மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். எண்பத்திரண்டு வயது, குரல் மட்டும் முப்பது வயதுக்காரனுடையது. எங்களில் சாவு மூன்று நாள். செத்த அன்று ஒன்று, மறுநாள் குளிப்பாட்டிப் பெட்டியில் வைப்பது, மூன்றாம் நாள் காலை தகனம். சனிக்கிழமை செத்தால் திங்கட்கிழமை காலை. தகனச் சாலையில் அந்த நேரமும் அதிர்ஷ்டவசமாகக் கிடைத்திருந்தது. மான்சு சார் அதை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருந்தார்.

"செவ்வாய்க்கிழமையாம்! நாலு நாளாம்! டேய், மூணு நாள் வைப்பாங்க, முடியலன்னா அஞ்சு நாள் வைப்பாங்க. எவனாவது நாலு நாள் வைப்பானா? என் தங்கச்சிய இரட்டைப்படையில அனுப்பப் போறியா?"

"புதன், வியாழன் எல்லாம் நிரம்பிடுச்சு மாமா. செவ்வாய் காலை ஏழு மணி ஒண்ணுதான் இருக்கு."

"அப்போ திங்கக்கிழமையே முடி! அவ வந்து சாம்பலப் பாத்துக்கட்டும். தூரம் போனவங்களுக்கு அவ்வளவுதான்."

"திங்கக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பெட்டியில வைப்பாங்க. அதுதான் கடைசி நேரம், ஏழு மணிக்கு அந்த ஆளுங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. அவ நாலரைக்கு இறங்குவா. வெளிய வர நாப்பது நிமிஷம். இங்க வந்து சேர முக்கா மணி நேரம். அம்மா முகத்தப் பாத்துடுவா."

"ஊரு உலகத்துக்கெல்லாம் நேரம் பாத்துச் சொல்ற. பெத்தவளுக்கு நேரம் பாக்கத் தெரியலையே உனக்கு!"

மேசையில் எல்லோரும் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார்கள். மான்சு சார் மாமாவின் கிண்ணத்தில் இரண்டு கையாலும் சோஜு ஊற்றிவிட்டு, அடுத்து வந்தவர்களுக்குக் குனிய எழுந்து போனார். பெரியவர்களின் பேச்சை அவர் மீறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பெட்டியில் வைக்கும்போது முகத்தைத் துணியால் மூடிக் கட்டிவிடுவார்கள். அதற்கு மேல் யாருக்காகவும் அவிழ்க்க மாட்டார்கள். அதனால் எல்லாம் அந்த ஆறு மணியில் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வேலை எனக்கு. டாலஸ் விமானத்துக்குப் பாதை போடுகிறவளும் நானே. மான்சு சார் இருந்திருந்தால் அவர் போட்டிருப்பார். இரவு பத்து மணி சுமாருக்கு அவர் போன் வந்தது. பின்னால் தட்டுகள் கழுவும் சத்தம் கேட்டது.

"டாலஸ் போட்டாச்சா?"

"போட்டுக்கிட்டிருக்கேன் சார்."

"காத்து?"

"மோசம். அலாஸ்கா தாண்டினதும் நேரா மூஞ்சியில அடிக்குது."

"எவ்வளவு வருது?"

"பதினாலு மணி, அம்பத்தெட்டு நிமிஷம்."

அவர் மனசில் கூட்டுவது எனக்குக் காதில் கேட்டது. நானும் கூட்டிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். நாலு முப்பத்தெட்டுக்கு இறங்கும். ஆறு மணி மூன்று நிமிஷத்துக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வரலாம், அதுவும் கடல் பாலத்தில் நெரிசல் இல்லாமல் இருந்தால்.

"இன்னொண்ணு?" என்று கேட்டார்.

ஒவ்வொரு விமானத்துக்கும் கணினி இரண்டு பாதை காட்டும். ஒன்று செலவு குறைந்தது, இன்னொன்று நேரம் குறைந்தது. செலவு குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். மற்றதை எடுத்தால் காரணம் எழுத வேண்டும். முன்பு ஒரு தடவை எங்கள் மேலாளர் வந்து, தம் மச்சான் வருகிறார், கொஞ்சம் சீக்கிரம் இறக்கக் கூடாதா என்று கேட்டார். "முந்நூறு பேர் வர்ற விமானம் சார். உங்க வீட்டு வண்டி இல்ல" என்று முகத்துக்கு நேரே சொல்லி, அந்த வருஷம் பதவி உயர்வைத் தொலைத்தவர் மான்சு சார்.

"இன்னொண்ணு பதினாலு நாப்பத்தி நாலு. ரெண்டு டன் எண்ணெய் கூட" என்றேன்.

அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் மட்டும் வந்தது. 'வேண்டாம்' என்று சொல்லப் போகிறார், சொன்னால் அந்த மனுஷனை வாயில் வந்தபடி திட்டிவிடுவது என்று தயாராக இருந்தேன்.

"ஆளுங்க வந்திருக்காங்க. வைக்கிறேன்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அன்று கேட்டது இப்படித்தான்.

நேரம் குறைந்ததை எடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில், 'இஞ்சியோனில் இறங்கி வேறு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் நாற்பத்தொரு பேர்' என்று எழுதினேன். அது உண்மைதான். அவர்கள் எல்லோருக்கும் நேரம் தாராளமாக இருந்தது என்பதை எழுதவில்லை. கையெழுத்துப் போட்டேன். டாலஸில் விமானியும் போட்டார். சரிபார்க்க என் பக்கத்து நாற்காலியில் அன்று ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் கூட்டலை மட்டும் பார்த்துவிட்டுக் கிறுக்கிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை வீட்டுக்குப் போய்ப் படுத்தும் தூக்கம் வரவில்லை. நாலு மணிக்கெல்லாம் வருகைக் கூடத்தில் போய் நின்றேன். விமானம் இன்னும் மூன்று நிமிஷம் லாபம் செய்து, நாலு இருபத்தொன்றுக்கே இறங்கியது. ஐந்து மணிக்கு ஒக்சூன் வெளியே வந்தாள். அங்கே கோடைக்காலம். மெல்லிய பருத்திச் சட்டை, கான்வாஸ் செருப்பு, தோளில் ஒரு கைப்பை, அவ்வளவுதான். இங்கே வெளியே மைனஸ் ஆறு. என் தடித்த கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டேன். யார் என்றுகூடக் கேட்காமல் கைகளை நீட்டி மாட்டிக்கொண்டாள்.

வண்டி பாலத்தில் ஏறிய பிறகுதான் பேசினாள்.

"நீங்கதான் ஹேரானா? அண்ணன் போன்ல சொல்லுவாரு. அவர் போடறதையெல்லாம் நீங்கதான் சரி பாப்பீங்களாமே."

"ஆமாக்கா."

"அம்மாவுக்கு நோவுன்னு அண்ணனுக்கு எப்போ தெரியும்?"

முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டுவதில் கவனமாக இருப்பதுபோல நடித்தேன்.

"அத அவர்கிட்டயே கேளுங்கக்கா."

அவள் கடலைப் பார்க்கவில்லை. மடியில் வைத்த கைப்பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக வந்தாள். எனக்கு அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது. தாளில் நான் கிறுக்கியதைச் சொல்லியிருந்தால் என் பாரம் குறைந்திருக்கும். அவள் பாரம் கூடியிருக்கும். வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

ஐந்து நாற்பத்தொன்பதுக்கு ஆஸ்பத்திரி வாசல். பெரிய மாமா தடியை ஊன்றிக்கொண்டு குளிரில் வெளியே நின்றிருந்தார்.

"வந்துட்டியாடி கழுத! வா, வா, ஓடு! இன்னும் கட்டல!" என்று கத்திவிட்டு, அந்த வாசலிலேயே ஓவென்று அழுதார். நாலு நாள் வைக்கக் கூடாது என்று சண்டை போட்ட மனுஷன்தான்.

பெட்டியில் வைக்கும் அறைக்குள் குடும்பத்தார் மட்டும்தான் போகலாம். ஒக்சூன் என் கையை விடாததால் நானும் உள்ளே இழுபட்டேன். அம்மாவுக்கு மஞ்சள் சணல் துணி உடுத்தி, தலை சீவி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். ஒக்சூன் போய்க் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"சில்லுன்னு இருக்கு" என்றாள். பிறகு, "எவ்வளவு சின்னதாயிட்டாங்க" என்றாள். கையை எடுக்கவில்லை.

கையுறை போட்ட பெரியவர், "சொல்ல வேண்டியத சொல்லிடுங்க. கேக்கும்" என்றார். அவர் எல்லாக் குடும்பத்துக்கும் அதைச் சொல்பவர். மாமா என்னவோ சொல்லி அழுதார். ஒக்சூன் குனிந்து காதில் எதையோ சொன்னாள். மான்சு சாரின் முறை வந்தது. கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, ஒக்சூன் வந்துட்டா. நாலு இருபத்தொண்ணுக்கு இறங்கிடுச்சு" என்றார்.

துணியை முகத்தின் மேல் இழுத்துக் கட்டினார்கள்.

ஏழு மணிக்கு மேசையில் உட்கார்ந்தோம். மற்றவர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். ஒக்சூனுக்குக் கறுப்பு உடை உடுத்தி, தலையில் வெள்ளை ரிப்பன் ஊசி குத்தியிருந்தார்கள். காரமான மாட்டுக்கறிச் சூப்பில் சோற்றைக் கவிழ்த்து, நிமிராமல் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். மான்சு சார் எதிரில் உட்கார்ந்து, அவள் பக்கம் முள்ளங்கித் தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தார். எனக்கு உயிர் திரும்பி வந்ததுபோலிருந்தது. பார்த்துவிட்டாள், நேரத்துக்கு வந்துவிட்டாள், இனி என்ன என்று நினைத்தேன். எனக்கு எப்போதுமே அவசர புத்தி.

கரண்டியை வைத்துவிட்டு ஒக்சூன் கேட்டாள்.

"அண்ணா, டாக்டர் கைவிரிச்சது எப்போ?"

"நாலாம் தேதி. வியாழக்கிழமை மூணு மணிக்கு."

"ஒன்பது நாள்."

"ஒன்பது நாள்."

"நான் வர்றதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"முப்பத்தொண்ணு."

"ஒன்பது நாள்ல எத்தனை முப்பத்தொண்ணு இருக்குண்ணா?"

வேறு எந்த அண்ணனாக இருந்தாலும் அது கணக்கு இல்லை என்று புரிந்திருக்கும். காலில் விழுந்திருப்பான், இல்லை எழுந்து வெளியே போயிருப்பான். மான்சு சார் இரண்டு தடவை கண்ணை மூடித் திறந்தார்.

"ஆறு. ஏழாவதுக்கு ஒரு மணி நேரம் குறையும்."

மாமாவின் கையிலிருந்த சோஜு பாட்டில் அப்படியே நின்றது. மேசைக்கு அடியில் அவர் காலை மிதிக்க என் காலை நீட்டினேன், எட்டவில்லை.

"அப்போ ஆறு தடவை வந்திருக்கலாம் நான். அம்மாகிட்ட பேசியிருக்கலாம்."

"அஞ்சு" என்றார். "ஆறாவது தடவைன்னா வெள்ளிக்கிழமை காலைல வந்திருப்ப. வியாழக்கிழமை சாயங்காலத்தோட அம்மாவுக்குப் பேச்சு நின்னுடுச்சு."

ஒக்சூன் அவரை வெகுநேரம் பார்த்தாள். கோபம் இல்லை. கோபப்படுவதற்கு எதிரில் ஓர் ஆள் இருக்கிறானா என்று தேடுகிற பார்வை.

"கடைசியா என்ன பேசினாங்க?"

மான்சு சார் முள்ளங்கித் தட்டைத் தம் பக்கம் இழுத்தார். திரும்பவும் அவள் பக்கம் தள்ளினார். பேசும்போதும் தட்டை நகர்த்துவது நிற்கவில்லை.

"'ஒக்சூன்கிட்ட சொல்லிட்டியா?'ன்னு கேட்டாங்க."

"அம்மாவா? அம்மாதானே சொல்லக் கூடாதுன்னாங்க?"

"ஆமா. ஆனா கேட்டாங்க. ரெண்டு தடவை கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"திங்கக்கிழமை சொல்லுவேன்னேன். தலையாட்டினாங்க."

ஒக்சூன் தட்டின் மேலிருந்த அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னிக்குத்தான்ணா திங்கக்கிழமை" என்றாள்.